உள்ளே விட்ட துணி

பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் டைலர் ரத்தினபாயைத் தெரியாதவர்கள் கிடையாது. பாதிப் பேருக்கு அவளைத் தையலால் தெரியும், மீதிப் பேருக்கு வாயால் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரில் மாதா படம். படத்துக்குக் கீழே "அவசரம் என்றால் ரெடிமேடு வாங்கிக்கொள்ளவும்" என்று அவளே சாக்பீஸால் எழுதிய அறிவிப்பு. புருஷன் ஜெரோம் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறான். இந்தப் பக்கத்திலேயே வாயாடாத ஒரே ஆட்டோக்காரன் அவன்தான். வீட்டில் அதற்கு இடம் காலியில்லை.

அவள் தைக்கிற ஜாக்கெட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி மடித்து விட்டிருப்பாள். இப்போது புதுசு புதுசாகக் கண்ணாடிக் கதவு போட்டு முளைத்திருக்கிற கடைகளில் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், பார்க்க நறுவிசாக இருக்கும். ரத்தினபாயைக் கேட்டால், "பொம்பள ஒடம்பு ஒரே மாதிரியா நிக்கும்? கல்யாணம் ஆனா கூடும், கொயந்த பொறந்தா கூடும், மாமியாரு கண்ண மூடிட்டா இன்னும் கூடும். அப்ப பிரிச்சு வுட்டுக்க வேணாமா?" என்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேப் அவள் கழுத்தில் சதா தொங்குமே தவிர, அதை யாரும் தங்கள் உடம்பில் வைக்க விட மாட்டார்கள். எல்லாரும் ஒரு பழைய அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு, "இதே மாதிரி, கை மட்டும் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் பெண்களுக்குத் தங்கள் உடம்பை இன்னொருத்தி தொடுவதும் பிடிக்காது, தாங்களே தொட்டுப் பார்ப்பதும் பிடிக்காது. அளவு ஜாக்கெட் ஒன்று போதும், ஆயுசுக்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரத்தினபாயின் இடது மாரில் ஒரு கட்டி வந்தது. பட்டாணி அளவு, வலி கிடையாது. வலிக்காத கட்டி ஒன்றும் பண்ணாது என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்டால் இன்றுவரை அவளுக்கே தெரியாது. இந்த மாதிரி யோசனைகளுக்குக் கேட்டவர் இருப்பாரே ஒழிய சொன்னவர் இருக்க மாட்டார். கூடுவாஞ்சேரி தாண்டி ஒருத்தன் பச்சிலைத் தைலம் கொடுத்து, நாற்பத்தெட்டு நாளில் கட்டி கரைந்து வேர்வையாக வெளியே வந்துவிடும் என்றான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? தைலத்தைத் தடவிக்கொண்டு எட்டு மாசத்தைத் தொலைத்தாள், எங்கள் கெட்டிக்காரி. அந்த எட்டு மாசத்தில் அவள் செய்த இன்னொரு அசட்டுத்தனம் உண்டு. அதை அவள் ஜெரோமிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தையே எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள், ரேடியேஷன் என்று கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டி, திரும்ப முளைத்தது. பிழைத்துவிட்டாள். மருந்தைச் சகித்துக்கொண்டாள், பார்க்க வந்தவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு சாவுக் கதையும் கொண்டுவந்தாள். "என் நாத்தனாரோட ஓரகத்திக்கு இப்படித்தான் வந்துச்சு, பாவம், ரெண்டே மாசம்தான்." எதிர்வரிசை யக்ஞநாராயணன் சார், தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயரான பெரிய மனுஷர், முள்ளு சீத்தாப்பழம் பத்தாயிரம் மடங்கு வேலை செய்யும் என்று வாட்ஸப்பில் அனுப்பினார். எதைவிடப் பத்தாயிரம் மடங்கு என்று போடவில்லை. கத்தி பட்டால் கேன்சர் பரவிவிடும் என்று அடுத்த நாள் அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவளுக்கு அனுப்ப வேண்டிய செய்தியா அது? அந்த மகானுக்குப் பல் வலி வந்தபோது மட்டும் போனைத் திறந்து பழம் தேடவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடினார், அதுவும் ஜெரோம் ஆட்டோவில்.

எல்லாரையும்விட அவளுக்கு ஆறாமல் போனது சுபத்ராவின் விஷயம்தான். தெருமுனை மாடிவீட்டுச் சுபத்ரா. இந்த ஊர் பூர்வீகம். மாமனார் காலத்தில் நெல் விளைந்த நிலத்தைப் புருஷன் வெற்றிவேல் பிளாட் போட்டு விற்றுப் பெரிய ஆளாகிவிட்டான். பணம் வந்தபிறகும் ரத்தினபாயோடு இருபத்தைந்து வருஷச் சிநேகிதம். சுபத்ராவின் மகள் சுஜிக்கு முதல் கவுன் தைத்தது இவள். அந்தச் சுபத்ரா, ரத்தினபாய் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரம், ஒரு சில்வர் டப்பாவில் கஞ்சி கொடுத்தனுப்பினாள். கூடவே, டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாள்.

அதோடு விட்டாளா? "அந்தக் கையால தச்சதப் போட்டா நமக்கும் ஒட்டிக்கும்டி" என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வருஷம் மிஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. பிறகு, கண்ணாடிக் கதவுக் கடைக்காரி இரண்டு பட்டு ஜாக்கெட்டைக் கெடுத்ததும், ஒவ்வொருத்தியாக வெட்கம் கெட்டுத் திரும்பி வந்தார்கள். சுபத்ரா மட்டும் வரவில்லை. ரத்தினபாய் அந்தச் சில்வர் டப்பாவைத் தூக்கி எறியாமல் வெட்டு மேஜை மேல் வைத்து, அதில் கொக்கி போட்டு வைத்துக்கொண்டாள். தினமும் கண்ணில் பட வேண்டும் என்றுதான்.

இப்படி இருக்கையில், போன ஆடி மாசம் சுபத்ரா வீட்டில் வேலை செய்யும் கன்னியம்மா ஒரு கைப்பையோடு வந்து நின்றாள். உள்ளே இரண்டு ஜாக்கெட்.

"அக்கா, என் தங்கச்சிது. லெப்ட் சைடு மட்டும் அர இஞ்ச் பிரிச்சு வுடணுமாம்."

ரத்தினபாய் எடுத்து விரித்துப் பார்த்தாள். அவள் போட்ட தையலே. தன் தையல் தனக்குத் தெரியாதா? அரக்குப் பட்டில் மாம்பழ நிற ஓரம்.

"உன் தங்கச்சி எப்பலேர்ந்து காஞ்சிப் பட்டு கட்றா? வூட்டு வேலைக்கா?" என்றாள்.

கன்னியம்மா பல்லைக் காட்டினாள். ரத்தினபாய்க்கு உள்ளுக்குள் ஒரு குஷி. கண்ணாடிக் கதவுக்காரி ஒட்ட வெட்டியதில் பிரித்து விட ஒன்றும் இருக்காது, என் பழைய ஜாக்கெட்தானே கை கொடுக்கிறது, திருட்டுத்தனமாக அனுப்புகிறாயா, அனுப்பு என்று பிரித்துக் கொடுத்தாள். நக்கல் செய்கிற அவசரத்தில், ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று யோசிக்கவில்லை. பிற்பாடு அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு.

ஆவணியில் மறுபடி வந்தது. இடது பக்கம், இன்னும் அரை இஞ்ச். பிரிக்கும்போதே கை நின்றது. உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும் பெருக்கும். இரண்டு நாள் தனக்குள்ளேயே குமைந்தாள். எக்கேடோ கெட்டுப் போ, எனக்கென்ன, நீ எனக்குச் செய்தது கொஞ்சமா என்று சொல்லிக்கொண்டே தைத்தும் கொடுத்துவிட்டாள். ஆனால் தூக்கம் வரவில்லை.

புரட்டாசி முதல் வாரம் கன்னியம்மா ஆறு ஜாக்கெட் கொண்டுவந்தாள். இடது பக்கம் இருக்கிற துணி முழுவதையும் விடச் சொன்னார்களாம். ரத்தினபாய் மிஷினை விட்டு எழுந்து கதவைச் சாத்தினாள்.

"கன்னி, உண்மைய சொல்லு. உங்க மாடிவூட்டம்மாவுக்கு இன்னா?"

"ஒண்ணியும் இல்லக்கா..."

"மாதா முன்னாடி நின்னுகினு பொய் சொல்லாத."

கன்னியம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "கட்டி கீதுக்கா. கொழுப்புக் கட்டியாம், வலியே இல்லியாம். வெளக்கெண்ண தடவிக்கினு கீறாங்க. தையில சுஜிக்குக் கல்யாணம். அது முடியிற வரைக்கும் மூச்சு வுடக் கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கினாங்க. அவங்க வூட்டுக்கார சாருக்குக்கூடத் தெரியாது. எனக்கு பயமா கீதுக்கா."

தைக்கு இன்னும் நாலு மாசம். எட்டு மாசத்தைத் தைலத்தில் கரைத்தவளுக்குத் தெரியாதா, நாலு மாசம் என்றால் என்ன என்று? நேரே போய்ச் சொன்னால் சுபத்ரா கதவைத் திறக்க மாட்டாள். வெற்றிவேலிடம் சொன்னால், இவளுக்கு வந்தது எல்லாருக்கும் வரணும் என்று சாபம் விடுகிறாள் என்பார்கள். ஒரு நாள் பூராவும் யோசித்தாள். பிறகு உட்கார்ந்து ஆறு ஜாக்கெட்டையும் தைத்தாள். இடது பக்கம் ஒரு இஞ்ச் பிடித்து, இரட்டைத் தையல் போட்டு இறுக்கி, மீதித் துணியைக் கத்தரித்து எறிந்துவிட்டாள். முப்பது வருஷத் தொழிலில் ஒரு துணியை வேண்டுமென்றே கெடுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம், சுபத்ரா பின்பக்கச் சந்து வழியாக வந்து நின்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஆறு ஜாக்கெட், முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது? பழி வாங்குறியா? பிரிச்சு விடச் சொன்னா பிடிச்சு வச்சிருக்க. ஒண்ணு கூட போட முடியல!"

"போட முடியலன்னா நல்லது. அதுக்குத்தான் தச்சேன். ஆமா, கன்னி தங்கச்சி ஜாக்கெட்டுக்கு நீ இன்னாத்துக்கு வந்த?"

சுபத்ராவின் கண் மேஜை மேல் இருந்த சில்வர் டப்பாவில் போய் விழுந்தது. அடியில் வெற்றிவேல் பேர் வெட்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தினி நாளா கீது கட்டி?" என்றாள் ரத்தினபாய்.

"கன்னி சொல்லிட்டாளா? அது சும்மா கொழுப்புக் கட்டி. வலியே கிடையாது."

"எனக்கும் வலி கிடையாது. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேன். உன்னோடது கொழுப்பாவே இருக்கட்டும், ஸ்தோத்திரம். அத டாக்டரு சொல்லட்டும். நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா, வெளக்கெண்ணக்குப் படிச்சியா?"

"ஊசி போட்டுப் பார்ப்பாங்க. குத்துனா பரவிடும்னு யக்ஞநாராயணன் சார்..."

"அந்தாளு பேர இங்க எடுக்காத! என்னையும்தான் குத்துனாங்க, கிழிச்சாங்க, ஒரு பக்கத்தையே எடுத்துட்டாங்க. பரவிச்சா? இதோ உன்னாண்ட நின்னு கத்திகினு கீறனே, எப்டி? பரவுனது எனக்கு இல்ல, நீ கோயில் வாசல்ல வுட்ட பாரு, அந்தப் பேச்சுதான்."

சுபத்ராவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "தப்புதான்க்கா. ஆனா சுஜி கல்யாணம்... கூடுவாஞ்சேரி சம்பந்தம். அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு நிறுத்திடுவாங்க. நான் செத்தாலும் பரவால்ல, கல்யாணம் முடியட்டும்."

"செத்துட்டுக் கல்யாணம் பண்ணு, ரொம்ப நல்லா இருக்கும்! மாலையப் பொண்ணுக்குப் போடுவாங்களா, உன் படத்துக்குப் போடுவாங்களா?"

அப்புறம் ரத்தினபாய் செய்ததை நினைத்தால் அவளுக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு இடது பக்கத்தில் இருந்து ஒரு துணிப்பையை உருவி எடுத்து, சுபத்ராவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். வெதுவெதுப்பாக, கனமாக இருந்தது. உள்ளே என்னவோ நறநறத்தது.

"இன்னான்னு பாக்குறியா? கடுகு. வெறும் பஞ்சு வச்சா மேல ஏறிக்குது, அதான் கனத்துக்கு. நாலு வருஷமா என் லெப்ட் சைடு இதான். தாளிக்கத்தான் ஆவாது, மத்தபடி ஒரு கொறையும் இல்ல. புடிச்சுகினு கீறியே, ஒட்டிச்சா?"

சுபத்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், இத ஜெரோமாண்டகூட சொன்னதில்ல" என்றாள் ரத்தினபாய். இப்போது அவள் கத்தவில்லை. "எனக்குக் கட்டி வளந்துகினே போச்சு. ஜாக்கெட் இறுக்குச்சு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? மிஷின்ல உக்காந்து என் ஜாக்கெட்ட நானே பிரிச்சு வுட்டுக்கினேன். அர இஞ்ச். அப்பால இன்னும் அர இஞ்ச். மூணு தபா. நாலாவது தபா பிரிக்க உள்ள துணி இல்ல. அன்னைக்குத்தான் டாக்டராண்ட போனேன். துணி ரெண்டு இஞ்ச் வுட்டிருந்தா இன்னும் ரெண்டு மாசம் கயிச்சுப் போயிருப்பேன், பொணமா. உன் ஜாக்கெட் வந்தப்பவே தெரிஞ்சிருக்கணும், ரெண்டு தபா பிரிச்சும் குடுத்தேன் பாரு, எனக்கே புத்தி இல்ல. இனிமே உனக்குப் பிரிக்க துணி கெடையாது. வெட்டிப் போட்டுட்டேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெரோமின் ஆட்டோ தெருமுனையில் நின்றது. இரண்டு பெண்களும் ஏறிக்கொண்டார்கள். எங்கே என்று ஜெரோம் கேட்கவில்லை. அவன்தான் கேட்கிற ஆளில்லையே.

கேன்சர்தான். படம் எடுத்தார்கள், ஊசி வைத்துப் பார்த்தார்கள், ஐப்பசியில் ஆபரேஷன் செய்தார்கள். பரவுவதற்குள் பிடித்துவிட்டோம், தைவரைக்கும் விட்டிருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்று டாக்டரம்மா சொன்னாள். வெற்றிவேலுக்குத் தெரிந்தது, சுஜிக்குத் தெரிந்தது. தெருவுக்கு மட்டும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம். கர்ப்பப்பை என்றால் கௌரவம், மார் என்றால் அவமானம், இது எந்த ஊர் நியாயமோ! ரத்தினபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சுபத்ராவின் ரகசியம், சுபத்ராதான் சொல்ல வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் வாழ்நாளில் வாயைக் கட்டிய இரண்டு மாசம் அதுதான்.

மார்கழிக் கடைசியில் கன்னியம்மா கல்யாணப் பட்டுத் துணியும் ஒரு அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்தாள். ரத்தினபாய் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பழைய ஒடம்போட அளவு. இனிமே எதுவும் ஒத்து வராது. ஆளு வரணும், டேப் வச்சு எடுக்கணும். பகல்ல வரச் சொல்லு. சந்து வழியா வந்தா நான் வூட்ல இல்ல."

நாலு நாள் சத்தமே இல்லை. கண்ணாடிக் கதவுக்காரியிடம் போய்விட்டாள் போல என்று ரத்தினபாய் காறித் துப்பாத குறை. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, கடையில் இரண்டு பெண்கள் பழைய ஜாக்கெட்டைப் பிரித்து விட வந்து உட்கார்ந்திருந்தபோது, சுபத்ரா முன்வாசல் படியேறி வந்தாள். மொட்டைத் தலையில் முந்தானை. உட்கார்ந்திருந்த இருவரும் பழைய கோயில் வாசல் கூட்டம்தான்.

"வா சுபத்ரா, இளைச்சுட்டியே! கர்ப்பப்பைன்னு சொன்னாங்க..." என்று ஆரம்பித்தாள் ரமா என்கிறவள்.

"இல்ல ரமா. கேன்சர். மார்ல. மூணு மாசம் ஜாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்" என்றாள் சுபத்ரா.

ரமா தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ரத்தினபாய் அதைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிக்கோ ரமா, தெருவுல போய் நின்னுக்கோ. ஒட்டிக்கப் போவுது" என்றாள். ரமா நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

"சம்பந்திக்குத் தெரியுமா?" என்று ரத்தினபாய் மெதுவாகக் கேட்டாள்.

"முந்தாநேத்து நானே போய்ச் சொன்னேன். அந்தம்மா என் கையப் பிடிச்சுகிட்டு அழுதாங்க. அவங்களுக்கும் ஆறு வருஷம் முன்னாடி வந்துச்சாம். எங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டோம்னு மறைச்சு வச்சிருந்தாங்களாம்."

"அட கடவுளே! ரெண்டு திருடிங்க சேந்து சம்பந்தம் பண்ணிக்கினு கீறீங்க!" என்று ரத்தினபாய் வாய்விட்டுச் சிரித்தாள். சுபத்ராவும் சிரித்தாள். "சரி, கையத் தூக்கு."

இடது கை முழுசாகத் தூக்க வரவில்லை. ரத்தினபாய் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, டேப்பைச் சுற்றி, ஒவ்வொரு அளவாக உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷச் சிநேகிதத்தில் அவள் சுபத்ராவை அளவெடுத்தது அதுதான் முதல் தடவை. சுபத்ரா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மேஜையில் பட்டை விரித்து, கோடு போட்டு, ரத்தினபாய் கத்தரிக்கோலை எடுத்தபோது சுபத்ரா பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உள்ள ஒன்றரை இஞ்ச் விட்டுடு, வழக்கம்போல. அப்புறம் இறுக்குச்சுன்னா பிரிச்சுக்கலாம்."

"வுட மாட்டேன்" என்றாள் ரத்தினபாய். "இறுக்குச்சுன்னா என்னாண்ட வராத, டாக்டராண்ட போ."

கோட்டை ஒட்டியே கத்தரித்தாள். விழுந்த துண்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ரமா கொண்டுவந்திருந்த ஜாக்கெட்டை எடுத்தாள்.

"உனக்கு எந்தப் பக்கம்டி பிரிக்கணும்? ரெண்டு பக்கமா, ஒரு பக்கமா?"